முயலுக்குக் கொம்பு உண்டு, தெரியுமா?

நடக்கவே நடக்காத காரியத்துக்குத் தமிழில் முயற்கொம்பு என்று பேர். பரீட்சை எழுதாமல் சர்க்கார் வேலையா? முயற்கொம்பு. நாகர்கோவில் டவுனுக்குள் சல்லிசாக ஐந்து சென்ட் மனையா? அதுவும் முயற்கொம்பு. தர்க்க சாஸ்திரம் படித்தவர்களும் உலகத்தில் இல்லாத பொருளுக்கு உதாரணம் கேட்டால் முயலின் தலையைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட முயற்கொம்பை 1933-இல் ஒருவர் வெட்டி எடுத்தார், அரைத்தார், வடிகட்டினார், கொம்பில்லாத முயலின் தோலைக் கீறி அந்த நீரைத் தேய்த்தார், அதற்கும் கொம்பு முளைத்தது! தெரியுமா?

அவர் பெயர் ரிச்சர்ட் ஷோப். அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்து டாக்டர். அயோவா, கான்சாஸ் பக்கத்து வேட்டைக்காரர்கள் முகத்திலும் கழுத்திலும் கொம்பு வைத்த காட்டு முயல்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவற்றை வரவழைத்துப் பார்த்தார். மாட்டுக்கு இருப்பதுபோல் உள்ளே எலும்பு வைத்த கொம்பல்ல அது. தோலில் எழும்பும் மரு, கறுத்து, இறுகி, கூராக நீண்டு நிற்கிறது. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் போட்டு எடுத்த நீரிலும் கொம்பை முளைக்கவைக்கும் சக்தி இருந்ததால், காரணம் ஒரு வைரஸ் என்று ஷோப் சொன்னார். பாப்பிலோமா வைரஸ் என்ற கூட்டத்தில் முதலில் பிடிபட்டவற்றில் ஒன்று அது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிய அதிசயம். ஷோப்பின் சகா பெய்ட்டன் ரௌஸ் அதே வைரஸை வீட்டு முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார். சில மருக்கள் புற்றுநோயாக மாறின. பாலூட்டி ஒன்றுக்கு வைரஸால் புற்று வரும் என்பதற்கு அது பலமான சாட்சி. பின்னாளில் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹாசன், பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்று நிரூபித்து 2008-இல் நோபல் பரிசு வாங்கினார். இன்று பெண்பிள்ளைகளுக்குப் போடும் எச்.பி.வி. தடுப்பூசியின் பரம்பரையைப் பின்னோக்கித் தேடிப் போனால் கொம்பு முளைத்த முயல் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டு விலங்குப் படங்களில் கொம்பு வைத்த முயலைப் பார்த்துவிட்டுப் புளுகு என்று சிரித்தவர்கள் உண்டு. வரைந்தவர்கள் நோயாளி முயலைக் கண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மருத்துவம் முயலுக்குப் பட்ட கடன் இதோடு தீரவில்லை. 1885-இல் வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்கு லூயி பாஸ்டர் போட்ட ஊசி, முயலின் முதுகுத்தண்டைக் காயவைத்துத் தயாரித்தது. கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க 1931-இலிருந்து கொஞ்ச காலம் முயல்தான் சோதனைக் கருவி! பெண்ணின் சிறுநீரை முயலுக்கு ஊசியாகப் போட்டு, அதன் சினைப்பையைத் திறந்து பார்ப்பார்கள். விடை எதுவானாலும் முயலுக்கு மரணம். இன்சுலினை யூனிட் கணக்கில் அளக்கிறோமே, அந்த யூனிட்டையும் முதலில் வரையறுத்தது முயலின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான்.

சரி, நம்மூர் முயலுக்கு வருவோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று காதைப் பிய்க்கும் இடத்தில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு அடியில், தோவாளைப் பக்கத்து முள்ளுக்காட்டில், பொத்தைகளின் அடிவாரத்தில், பனைவிளையில் ஓடும் மொசல் எந்த வகை, தெரியுமா? கறுப்புப் பிடரி முயல். 1823-இல் பிரெடெரிக் குவியே என்ற பிரெஞ்சுக்காரர் லீபஸ் நைக்ரிகாலிஸ் என்று பேர் வைத்தார். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பக்கம் மை தடவினாற்போல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். வட இந்தியாவில் இதே இனத்துக்கு அந்தக் கறுப்பு கிடையாது. வாலின் மேல்புறம் செம்பழுப்பாக இருக்கும். தென்னாட்டு முயலுக்குத்தான் கறுப்புப் பிடரி!

இது வளை தோண்டாது, தெரியுமா? புற்றும் கிடையாது, பொந்தும் கிடையாது, கூரையும் கிடையாது. புல்லுக்குள்ளோ முள்செடி அடியிலோ தன் உடம்பளவுக்கு ஒரு பள்ளம் அமுக்கி வைத்திருக்கும். அந்தப் படுகையைக் குனிந்து பார்த்தால் சூட்சுமம் புரியும். தலைப்பக்கம் ஆழம் குறைவு, பின்பக்கம் ஆழம் கூடுதல். பெரிய பின்கால்கள் மடங்கி உட்கார இடம் வேண்டுமல்லவா? பகல் முழுக்கக் காதை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு அதற்குள் கிடக்கும். நீங்கள் மிதிக்கப்போகிற தூரம் வரை அசையாது. அப்புறம் காலடியிலிருந்து வெடித்துக் கிளம்பி, இடமும் வலமுமாக ஒடித்து ஒடித்து ஓடும்போது உங்கள் ஈரக்குலை ஒரு நிமிஷம் நின்றுதான் துடிக்கும். பக்கத்தில் கிடக்கும் புழுக்கையைக் குச்சியால் உடைத்துப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கையைவிடக் காய்ந்து, வைக்கோல் நிறத்தில், உள்ளே வெறும் நாராக இருக்கும். மணலில் ஓடிய தடம் இன்னும் வேடிக்கை. பின்கால் தடம் முன்னாலும் முன்கால் தடம் பின்னாலும் விழுந்திருக்கும்! பாயும்போது பின்கால்கள் முன்கால்களைத் தாண்டி வந்து ஊன்றுவதால் அப்படி. தடம் பார்க்கத் தெரியாதவர் முயல் போன திசைக்கு நேர் எதிரே தேடிக்கொண்டு போவார்.

கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறையச் சுற்றுவட்டம் முழுவதும் அதற்குத் தெரியும். காது கேட்பதற்கு மட்டுமல்ல. மெல்லிய தோலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே தள்ளும் வேலையும் அதற்கு உண்டு. வியர்த்துக் குளிர முடியாத பிராணிக்கு வேறு வழி?

வீட்டுக் கூண்டில் வளர்க்கிற வெள்ளை முயலும் காட்டு முயலும் சேர்ந்தால் குட்டி போடுமா என்று கேட்பவர்கள் உண்டு. போடாது. கூண்டு முயலுக்குக் குரோமோசோம் 44, காட்டு முயலுக்கு 48. கூண்டு முயல் ஸ்பெயின், தென்பிரான்ஸ் பக்கத்து மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த ஒரே ஒரு இனத்தின் வாரிசு. கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்து வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாமே அந்த ஒரே வம்சம்தான். உள்ளங்கையில் உட்காரும் குள்ள முயலும் அதே இனம், 2010-இல் மூக்கிலிருந்து வால் வரை 129 செ.மீ. நீளம் அளந்து உலக சாதனை படைத்த இங்கிலாந்தின் டேரியஸும் அதே இனம். அந்த ஐரோப்பிய வளைமுயல் இந்தியக் காடு எதிலும் இயற்கையாகக் கிடையாது, தெரியுமா?

இனி கொஞ்சம் அருவருப்பான அதிசயம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டைக் கீழே வையுங்கள். முயல் தன் சாணத்தைத் தானே தின்னும்! காய்ந்த உருண்டைப் புழுக்கையை அல்ல. அது இரண்டு ரகம் போடுகிறது. ஒன்று நாம் பார்க்கிற புழுக்கை. மற்றது நாம் பார்க்கவே பார்க்காத, பிசுபிசுப்பான மெல்லிய உருண்டை. அது தரையில் விழுவதற்குள் குனிந்து நேராக வாயில் வாங்கி விழுங்கிவிடும். முதல் சுற்றில் பெருங்குடல் தொடங்கும் இடத்துப் பையில் நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைத்து வைட்டமினும் புரதமும் தயாரிக்கின்றன. அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் சிறுகுடலோ அதற்கு முன்னாலேயே கடந்துபோய்விட்டது. ஆகவே இரண்டாம் சுற்று. மாடு வாய்க்குத் திருப்பிக் கொண்டுவந்து அசைபோடுவதை முயல் வேறு வாசல் வழியாகச் செய்கிறது.

இதைச் சொல்லும்போது நம் மாவட்டத்து ஞாயிறு பள்ளி மாணவர்களுக்கு லேவியராகமம் 11-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். அசைபோட்டாலும் விரிகுளம்பு இல்லாததால் தின்னக்கூடாது என்ற பட்டியலில் முயல் இருக்கிறது. முயலுக்கு அசைபோடும் இரைப்பை கிடையாது என்று விஞ்ஞானம் படித்தவர்கள் மடக்குவார்கள். ஆனால் உண்டதை மறுபடி உண்பதைப் பார்த்தவர்கள்தானே அன்றைக்கு எழுதியிருக்க வேண்டும்? அதே பட்டியலில் முயலுக்குச் சற்று முன்னால் வரும் குழிமுசல் முயலே அல்ல, தெரியுமா? பாறை இடுக்கில் வாழும் ஹைராக்ஸ் என்ற பிராணி அது. காதும் குட்டை, வாலும் இல்லை, பார்த்தால் முயலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். நிஜத்தில் அது யானைக்குச் சொந்தம்!

அப்படியானால் முயலுக்கு யார் சொந்தம்? எலி, அணில் கூட்டம் என்றுதான் ரொம்ப நாள் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் முயலின் மேல்தாடையைத் திறந்து பார்த்தால், முன்னால் தெரியும் இரண்டு வெட்டுப்பற்களுக்கு நேர் பின்னால் ஊசிபோல் இன்னும் இரண்டு சின்னப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு அது கிடையாது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற கதையாக விலங்கியலாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாட, 1912-இல் கிட்லி என்ற அமெரிக்கர் முயலைத் தனி வரிசையாகவே பிரித்துவிட்டார். இன்றைய மரபணுக் கணக்குப்படி எலிக்கூட்டம் முயலின் பங்காளி. அதற்கு அடுத்த நெருங்கிய சொந்தம் யார் என்கிறீர்கள்? குரங்கு. அதாவது நாம்! நாயைவிட, பசுவைவிட, பூனையைவிட முயல் நமக்கு நெருங்கிய உறவு. வீட்டு நாய்க்கு அது தெரிந்தால் கோபித்துக்கொள்ளும்.

முயலின் கன்னத்து எலும்பில் வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும், தெரியுமா? மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து வெளிச்சத்தில் பிடித்தால் சரிகைப் பின்னல் வழியாக வெளிச்சம் வருவது தெரியும். பல் 28. எல்லாப் பல்லும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் வளைந்து நீண்டு வாயையே பூட்டிவிடும். கூண்டு முயலுக்கு வெறும் தவிடும் தீவனமும் கொடுப்பவர்கள் கட்டாயம் புல்லும் போட வேண்டும்.

பாட்டன் பூட்டன் கதைக்குப் போவோமா? முயல் வரிசையின் மிகப் பழைய எலும்புகளில் சில கிடைத்தது எங்கே, தெரியுமா? குஜராத்தில்! சூரத் பக்கத்து வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 5 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய படிவத்தில், விரல்நுனியில் அடங்கிவிடும் கணுக்கால், குதிகால் எலும்புகள் அகப்பட்டன. கென்னத் ரோஸ் தலைமையில் அசோக் சாஹ்னி உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகளும் சேர்ந்த குழு 2008-இல் அதை வெளியிட்டது. பல் இல்லை, மண்டை இல்லை. கால் எலும்பின் வடிவத்தை வைத்தே இது முயல் வகையறா என்று சொல்லிவிட்டார்கள். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலம் அது. இமயம் எழும்பவே இல்லை. அப்போதே இங்கே முயலின் சொந்தக்காரன் தாவிக்கொண்டிருந்தான்! மங்கோலியாவில் இன்னும் கொஞ்சம் பழையதாக கோம்ஃபோஸ் என்ற உறவுக்காரன் கிடைத்திருக்கிறான். பின்கால் முயலுடையது, வால் மட்டும் நீளம். முயலின் வால் பஞ்சுருண்டையாகச் சுருங்கியது அதற்கு அப்புறம்.

ஸ்பெயினுக்குக் கிழக்கே மினோர்கா தீவில் தாவத் தெரியாத முயல் வாழ்ந்தது, தெரியுமா? இளைஞராக இருந்தபோது ஜோசப் கின்டானா என்பவர் கண்டெடுத்த எலும்புகள் முயலுடையவை என்று அவருக்கே முதலில் பிடிபடவில்லை. ஏதோ ஆமை எலும்பு என்றிருக்கிறார். முயலும் ஆமையும் கதையில் இப்படி ஒரு திருப்பம் யாரும் எழுதவில்லை! 2011-இல் அதற்கு நூரலாகஸ் ரெக்ஸ், முயல் ராஜா என்று பட்டாபிஷேகம் நடந்தது. எடை சுமார் 12 கிலோ என்று கணக்கிட்டார்கள். முதுகெலும்பு குட்டையாக, வளையாமல் விறைத்திருந்ததால் பாயமுடியாது. தீவில் துரத்த ஒரு மிருகமும் இல்லை. துரத்துவார் இல்லாத இடத்தில் நீளக்காது எதற்கு, பெரிய கண் எதற்கு, வேகம் எதற்கு? எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தின்று கொழுத்து உருண்டிருக்கிறது. நாம் முயல் என்றதும் நினைக்கிற அத்தனை லட்சணமும் நரிக்கும் கழுகுக்கும் பயந்து வந்தவைதான் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அதே கடலில் சார்டீனியா, கோர்சிகா தீவுகளில் புரோலாகஸ் என்ற இன்னொரு குடும்பம் மனிதன் வந்து சேரும்வரை பெருகியிருந்தது. ஆதிகாலத்து ஆட்கள் சுட்டுத் தின்று போட்ட எலும்பு குவியல் குவியலாகக் கிடைக்கிறது. இன்று உயிரோடு ஒன்றுகூட இல்லை.

உயிரோடு இருக்கும் முயல் வரிசையில் இரண்டே குடும்பம். ஒன்று முயல். மற்றது பிக்கா. இமயமலைக்கு யாத்திரை போனவர்கள் எலி என்று நினைத்து உதறிவிட்டு வந்த, வட்டக்காது வைத்த, வாலே தெரியாத உருண்டைப் பிராணி. இதற்கும் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு பந்தம் கற்பித்துப் பார்க்கலாம். பொத்தையடி மருந்துவாழ்மலை எப்படி வந்தது என்று நம்மூரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அனுமார் இமயத்திலிருந்து சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது தெறித்து விழுந்த துண்டு. மூலிகை வந்தது. பிக்கா வரவில்லை. நல்லவேளை! அமெரிக்கப் பிக்காவை நிழலோ பொந்தோ இல்லாமல் 26 டிகிரி வெயிலில் சில மணி நேரம் வைத்தாலே செத்துப்போகும். நாகர்கோவிலில் மார்கழி மதியமே அதற்கு மேல் கொதிக்கும்.

ஆனால் மூலிகை விஷயத்தில் பிக்கா அனுமாருக்கே வாத்தியார். குளிர்காலத்தில் உறங்காத பிராணி அது. கோடையெல்லாம் பூவும் புல்லும் வாய் நிறையக் கவ்வி வந்து, பாறை அடியில் காயவைத்து வைக்கோல் போர் போடும். அதில் ஒரு சூட்சுமம் இருப்பதை டெனிஸ் டியரிங் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் ராக்கி மலையில் கண்டார். பச்சையாகத் தின்றால் ஆகாத, துவர்ப்பான ஃபீனால் சத்து மிகுந்த ஒரு செடியை பிக்கா தேடித் தேடிக் கொண்டுவருகிறது. அந்தத் துவர்ப்பு போரில் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது. மற்ற தழையை முதலில் தின்று, துவர்ப்பு குறைந்தபின் இதைத் தின்கிறது. ஊறுகாய்க்கு உப்புப் போடும் புத்தி! திபெத்துப் பீடபூமியின் பிக்காவோ போரை மட்டும் நம்பியிருப்பதில்லை. பனிக்காலத்தில் உடம்பின் எரிசக்திச் செலவைக் குறைத்துக்கொண்டு யாக் எருமையின் சாணத்தைத் தின்று காலம் தள்ளுகிறது என்று 2021-இல் கண்டுபிடித்தார்கள். முயல் தன் சாணம், இது அடுத்தவர் சாணம். குடும்ப வழக்கம் போலிருக்கிறது. எவரெஸ்ட் பக்கத்தில் 6,130 மீட்டர் உயரத்தில் பெரியகாதுப் பிக்காவைப் பார்த்திருக்கிறார்கள். சிக்கிமில் இருந்த ஒன்றை வேறு ஏதோ வகை என்று நினைத்துக்கொண்டிருக்க, பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்து நிஷ்மா தஹாலும் சகாக்களும் மரபணு பார்த்துத் தனி இனம் என்று அறிவித்தார்கள். ஓகோடோனா சிக்கிமேரியா என்று அதற்குப் பேர்.

செத்துப்போனதாக நினைத்து அழுத சொந்தம் திரும்பி வந்த கதை தெரியுமா? அசாம் தெராய் புல்வெளியின் முரட்டுமயிர் முயல்தான் அது. குட்டைக் காது, கரும்பழுப்பு உடம்பு. பூண்டோடு போய்விட்டது என்று கைவிட்டிருக்க, 1971-இல் அசாமில் மறுபடி தலைகாட்டியது. இன்று மானஸ், துத்வா, நேபாளத்துப் புல்வெளிகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டும் இருக்கிறது. புல்லுக்குத் தீ வைத்தால் அதற்கு ஓட வேறு இடமில்லை.

லாவோஸ் நாட்டுச் சந்தையில் இறைச்சிக்கு வைத்திருந்த முயல்களைப் பார்த்த ராப் டிம்மின்ஸ் என்பவர் திகைத்தார். உடம்பில் புலிக்கோடு! விஞ்ஞானத்துக்குத் தெரியாத இனம், ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குழம்பு. அதன் ஒரே நெருங்கிய சொந்தம் கடல் தாண்டி சுமத்திராவில் இருக்கும் இன்னொரு கோடு முயல். ஜப்பானின் அமாமி தீவில் கறுத்த, குட்டைக்காது முயல் ஒன்று உண்டு. அங்கே 1979-இல் பாம்பு பிடிக்கட்டும் என்று சுமார் 30 கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பாம்பு இரவில் திரியும், கீரி பகலில் திரியும். இரண்டும் சந்திக்கவே இல்லை! கீரிக்கு இரையானது முயல். பல்லாயிரமாகப் பெருகிய கீரியைப் பொறி வைத்து, நாய் வைத்துப் பிடித்து ஒழித்துவிட்டோம் என்று ஜப்பான் அரசு அறிவித்தது 2024 செப்டம்பரில்தான்.

ஆஸ்திரேலியாவில் நேர்மாறு. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல் வரவழைத்தார். பிறகு ஒரு கண்டமே முயலானது. மேற்கே பரவாமல் தடுக்க 1907-இல் கட்டி முடித்த முதல் வேலி மட்டும் 1,800 கி.மீ.க்கு மேல். முயல் அதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. கடைசியில் 1950-இல் மிக்ஸோமா வைரஸை ஏவிவிட்டுத்தான் ஓரளவு அடக்கினார்கள்.

நம்ம கறுப்புப் பிடரி முயலும் கப்பலேறியிருக்கிறது, தெரியுமா? மொரீஷியஸ், ரீயூனியன், செஷல்ஸின் கஸின் தீவு. தமிழன் போன இடங்களுக்கு இதுவும் போயிருக்கிறது.

இத்தனையும் பூமியில். சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். அந்த நிலாவில் முயலைத் தேடுவது நாம் மட்டும் அல்ல. சீனர்கள், ஜப்பானியர்கள், மெக்சிகோவின் ஆஸ்டெக்குகள், புத்த ஜாதகக் கதை சொன்னவர்கள் எல்லாருக்கும் அங்கே முயல் தெரிந்திருக்கிறது! சீனா 2013-இல் நிலவில் இறக்கிய ஊர்திக்கு யூட்டு, ஜேட்கல் முயல் என்றே பேர் வைத்தது. நம் பக்கம்? சந்திரயான்-2 காலத்தில் இஸ்ரோ தலைவர் சரக்கல்விளைக்காரர் கே. சிவன். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணனும் குமரி மாவட்டத்துக்காரர். சந்திரயான்-3 ஏறிப்போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதித்தது மலைக்கு அந்தப் பக்கம், மகேந்திரகிரியில். நிலாமுயலை விரட்டிப் போனதில் நாஞ்சில் நாட்டுக்குப் பெரிய பங்கு என்று நாம் தாராளமாகப் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

வானத்தில் இன்னொரு முயலும் உண்டு. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா முடிகிற திருவாதிரை இரவில், திருவாதிரை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தெற்கே கீழ்நோக்கி வாருங்கள். வேட்டைக்காரன் காலடியில் லீபஸ் என்ற முயல் மண்டலம் பதுங்கியிருக்கும். டாலமி எழுதி வைத்த 48 மண்டலங்களில் ஒன்று. பக்கத்தில் வேட்டைநாயாக சிரியஸ். நம்மூர் தென்கோடியில் இருப்பதால் டெல்லிக்காரனைவிட நமக்கு இது உயரத்தில் தெரியும்.

வேட்டை என்றதும் கடற்பாறைமேல் 133 அடிக்கு நிற்கும் வள்ளுவர் ஞாபகம் வருகிறார். முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேல் உசத்தி என்பது அவர் கட்சி, 772-ஆம் குறள். வீரத்துக்குச் சொன்னதைக் குறைகூற நான் யார்? ஆனாலும் ஓடுகிற முயல் ஒடித்துத் திரும்பும் வேகத்தைப் பார்த்தவர்கள், அதை அம்பால் அடித்தவன் கையையும் ஒருமுறை தொட்டுக் கும்பிடத்தான் வேண்டும் என்பார்கள். தென்மாவட்டத்தில் சிப்பிப்பாறை, கன்னி என்று நாய் வர்க்கமே இதைத் துரத்தப் பெருக்கியவைதாம். இன்று அம்போ, வலையோ, நாயோ, டார்ச் வெளிச்சமோ, எதை வைத்துப் பிடித்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கம்பி எண்ண வேண்டிய குற்றம்.

கடைசியாக, விளையில் வேலை செய்கிறவர்களுக்கு உபயோகமான ஒன்று. கூண்டு முயலின் குட்டி ஒரு மாதக் கர்ப்பத்தில் கண் மூடி, உரோமமே இல்லாமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டி ஆறு வாரம் வயிற்றில் இருந்து, கண் திறந்து, உரோமத்தோடு, அன்றைக்கே தத்தித் தத்தி நடக்கத் தயாராகப் பிறக்கும். வளை இல்லாத வீட்டில் பிறப்பவன் விழித்துக்கொண்டே பிறக்க வேண்டுமே! ஐரோப்பியக் காட்டு முயலுக்கு இதைவிடச் சாமர்த்தியம் உண்டு. வயிற்றுக் குட்டிகளைப் பெறுவதற்குச் சில நாள் முன்பே அடுத்த கர்ப்பத்தையும் தரித்துவிடும் என்று 2010-இல் பெர்லின் விஞ்ஞானிகள் படம்பிடித்து நிரூபித்தார்கள்.

முயல் குலத்துத் தாய் குட்டிக்கு நாளெல்லாம் பால் கொடுப்பதில்லை. பெரும்பாலும் நாளைக்கு ஒரே ஒரு வேளைதான், அதுவும் சில நிமிஷம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் நரியும் காட்டுப்பூனையும் மோப்பம் பிடிக்கும் என்பதால் மிச்ச நேரமெல்லாம் தள்ளியே இருக்கும். பசும்பாலைப்போல மூன்று மடங்கு கொழுப்புள்ள பால் என்பதால் அந்த ஒரு வேளை போதும். ஆகவே மரச்சீனி மூட்டிலோ வாழைக்கு இடையிலோ முயல்குட்டி ஒன்று தன்னந்தனியாகக் குந்தியிருந்தால் அது அனாதை இல்லை. பாவம் பார்த்து வீட்டுக்குத் தூக்கி வந்து பாட்டிலில் பசும்பால் புகட்டினால் வயிறு ஊதிச் சாகும். ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டீர்களா? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போகாமல் இருங்கள். பொழுது சாய்ந்ததும் தாய் வரும்.